துணுக்கும் ரீலும்

"ரீல்" என்னும் சொல் தமிழகத்துக்கு இருமுறை வந்திருக்கிறது. முதன்முறை தகரப் பெட்டிக்குள் சுருண்டு படுத்து, புகைவண்டியேறி, மாட்டுவண்டியேறி, ஊர் ஊராகக் கொட்டகை தேடி வந்தது. இரண்டாம் முறை எந்த வண்டியும் ஏறாமல் நம் இளைஞர்களின் உள்ளங்கையிலேயே வந்து இறங்கிவிட்டது. முதல் வரவின்போது தமிழ் மக்கள் அதை வாளா ஏற்றுக்கொண்டாரில்லை. பார்த்தார்கள், சிரித்தார்கள், எடை போட்டார்கள். பின்னர்த் தம் பேச்சு வழக்கில் அதற்கொரு பொருளும் கொடுத்தார்கள். "அவன் ரீல் விடுகிறான்", "ரீல் சுற்றாதே" என்று தெருவிலே நின்று பேசுபவர் எவரும் படச்சுருளைப் பற்றிப் பேசுவதில்லை. பொய்யைப் பற்றியே பேசுகிறார்கள். இரண்டாம் வரவின்போதோ, "நான் ரீல் போடுகிறேன்" என்று மார்தட்டிச் சொல்லிக்கொள்ளும் நிலை! பழைய பொருள் செத்துவிடவில்லை. புதிய பொருள் அதன் தோள்மேல் ஏறி நிற்கிறது. இரண்டும் ஒரே வாயிலிருந்து ஒரே நாளில் வருகின்றன. பேசுபவர்க்கு அதில் முரண் ஏதும் தோன்றுவதில்லை.

இந்தக் குறுகிய காட்சிப் பொருளைத் தமிழில் என்ன பெயரிட்டு அழைப்பது என்பதே இங்கு நாம் எடுத்துக்கொண்ட கேள்வி. பெயர் எதுவானால் என்ன, பொருள் விளங்கினால் போதாதா என்று கேட்கும் தோழர்கள் உண்டு. போதாது என்கிறோம். திருச்சியில் 1939-ஆம் ஆண்டு மே 16-ஆம் நாள் ஒலிபரப்பு நிலையம் திறக்கப்பட்டது. அந்தக் கருவியிலிருந்து வருவதை "வானொலி" என்பதா, "ஆகாசவாணி" என்பதா என்று தமிழகம் எத்தனை முறை வாதாடியிருக்கிறது! 2023-ஆம் ஆண்டிலும் வடமொழிப் பெயரையே வழங்கவேண்டும் என்று டெல்லியிலிருந்து ஆணை வந்தபோது இங்கு மறுப்புக் குரல் எழுந்தது. ஏன்? வானில் வரும் ஒலி என்பது அறிவியல் கூறும் செய்தி. ஆகாயத்தின் வாக்கு என்பதோ புராணத்து அசரீரி. கருவி ஒன்றுதான், பெயர் மாறும்போது அதன் முன் அமர்ந்திருப்பவனின் நிலை மாறிவிடுகிறது. ஒலியை ஆராயலாம், மறுக்கலாம், பிடிக்காவிட்டால் நிறுத்தவும் செய்யலாம். அசரீரியைக் கைகூப்பிக் கேட்கத்தான் முடியும். பெயரிடுவதில் இவ்வளவு இருக்கிறது.

படச்சுருளின் வரலாற்றில் திருச்சிக்குத் தனியிடம் உண்டு. 1905-ஆம் ஆண்டில், இங்கே தென்னிந்திய ரயில்வேயில் வரைவாளராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், டூபாண்ட் என்னும் பிரெஞ்சுக்காரரிடமிருந்து படங்காட்டும் கருவியையும் சில படச்சுருள்களையும் விலைக்கு வாங்கினார். ஏசுநாதரின் வாழ்க்கையைக் காட்டும் படம் அவற்றுள் ஒன்று. வேலையை விட்டுவிட்டுக் கூடாரத்தைச் சுமந்துகொண்டு ஊர்களெல்லாம் சுற்றினார். 1914-இல் கோவையில் வெரைட்டி ஹால் என்ற நிலையான கொட்டகையையும் எழுப்பினார். சலனப் படம் தென்னாட்டில் ஊரூராகப் பரவிய கதை இவ்வாறு நம் திருச்சியிலிருந்து புறப்படுகிறது.

அந்நாளில் ரீல் என்பது அளவுப் பெயர். படி, மரக்கால், முழம் என்பவை போல. 1000 அடி நீளமுள்ள சுருள் ஒரு ரீல். பேசும்படக் காலத்தில் அது ஏறத்தாழ 11 நிமிடம் ஓடும். தணிக்கைச் சான்றிதழிலேயே இத்தனை அடி, இத்தனை ரீல் என்று குறித்திருப்பார்கள். ஆகவே ஒரு ரீல் என்றால் அடுத்த ரீல் உண்டு என்பது பாமரனுக்கும் தெரியும். நடுவே ஒரு ரீலைக் காட்டாமல் விட்டால் கொட்டகையில் சீழ்க்கை எழும்! 1939-இல் வந்த "சிரிக்காதே" போன்ற படங்கள் பல சிறு நகைச்சுவைப் படங்களின் தொகுப்பாக இருந்தன. அங்கும் சிறு படம் ஒவ்வொன்றுக்கும் தொடக்கம் இருந்தது, முடிவு இருந்தது.

2020-ஆம் ஆண்டு ஜூன் 29-ஆம் நாள் இந்திய அரசு டிக்டாக் செயலியைத் தடைசெய்தது. அடுத்த திங்களிலேயே இன்ஸ்டாகிராம் நிறுவனம் "ரீல்ஸ்" என்ற பெயரில் 15 நொடிப் படங்களோடு அந்த வெற்றிடத்தில் வந்து அமர்ந்தது. செப்டம்பரில் யூடியூப் "ஷார்ட்ஸ்" என்ற பெயரோடு வந்து சேர்ந்தது. பின்னர் இரண்டும் 3 நிமிடம் வரை நீளம் பெற்றன. பழைய ரீல் ஒன்றின் நேரத்தில் 15 நொடிப் புது ரீல்கள் 44 ஓடிவிடும். 44-ம் வேறு வேறு. ஒன்றிலே சமையல், அடுத்ததிலே சாவு, அதற்கடுத்ததிலே சாமியார், பின்னர் ஒரு நாய்க்குட்டி. அளவுப் பெயர் தன் அளவையும் இழந்தது. அடுத்த ரீல் எது என்று சொல்லும் ஆற்றலையும் இழந்தது.

தமிழில் இதற்கு வழங்கும் பெயர்களைப் பார்ப்போம். "காணொளி" என்கிறார்கள் சிலர். இல்லை, "காணொலி"யே சரி என்கிறார்கள் வேறு சிலர். ஒளியா ஒலியா என்று இரு தரப்பும் மோதிக்கொள்வதைப் பார்த்துப் பார்த்து நமக்கு அலுத்துவிட்டது. ஒளியை நாம் காண்பதில்லை, ஒளியால் பிற பொருள்களைக் காண்கிறோம் என்று ஒரு தரப்பையும், ஒலியைக் காண முடியுமா என்று மறு தரப்பையும் மடக்கலாம், மடக்கிப் பயனில்லை. எந்த எழுத்தைப் போட்டாலும் அச்சொல் மூன்று மணி நேரப் படத்துக்கும் முப்பது நொடிப் படத்துக்கும் ஒருங்கே பொருந்தும். ஆகவே நம் தேவைக்கு உதவாது. "குறும்படம்" நல்ல சொல். ஆனால் அதற்கு ஏற்கெனவே உரியவர் இருக்கிறார்கள். பத்து நிமிடத்திலே ஒரு கதையைத் தொடங்கி, நடத்தி, முடித்துக் காட்டும் இளங்கலைஞரின் படைப்பு குறும்படம். அதன் பெயரைப் பறித்து, சோறு வடிப்பதைக் காட்டும் அரை நிமிடத்துக்குச் சூட்டுவது அநீதி. "குறுங்காணொளி" என்பது இலக்கணத்துக்குப் பழுதில்லாத சொல். ஆயினும் அது சொல்வதெல்லாம் பொருளின் நீளத்தைத்தான். குட்டையானது என்கிறது, எதிலிருந்து குட்டையானது என்று சொல்வதில்லை.

நாம் பரிந்துரைப்பது பழைய பத்திரிகைச் சொல்: துணுக்கு.

துணுக்கு என்றால் சிறு துண்டு. துண்டு என்று சொன்ன அளவிலேயே, துண்டிக்கப்பட்ட முழுப்பொருள் ஒன்று எங்கோ இருக்கிறது என்பதும் சொல்லப்பட்டுவிடுகிறது. தேங்காய்த் துணுக்கைக் கையில் கொடுத்தால் தேங்காய் எங்கே என்று குழந்தையும் கேட்கும். இந்தக் கேள்வியை மற்ற எந்தப் பெயரும் எழுப்புவதில்லை. இதுவே அச்சொல்லின் தகுதி.

பத்திரிகைத் துணுக்கின் பிறப்பும் இதற்குச் சான்று பகரும். ஆங்கில நாட்டிலே ஜார்ஜ் நியூன்ஸ் என்பவர் 1881-இல் "டிட்-பிட்ஸ்" என்னும் கிழமை ஏட்டைத் தொடங்கினார். அதன் முழுப் பெயர் மிக நீண்டது. உலகத்துச் சுவையான நூல்கள், பருவ ஏடுகள், நாளேடுகள் அனைத்திலிருந்தும் எடுத்த துணுக்குகள் என்பது அதன் கருத்து. "எடுத்த" என்பதை மறைக்காமல் நெற்றியிலேயே எழுதி ஒட்டியிருந்தார் அந்த வணிகர்! நம் நாட்டிலும் ஆனந்த விகடனும் குமுதமும் துணுக்குகளை வாரி இறைத்தன. தமிழ்வாணனின் "கல்கண்டு" துணுக்குக்கென்றே பெயர் பெற்றது. இவற்றுள் பல வெறும் பொழுதுபோக்குச் சரக்கு என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் அச்சுக்கூடத்தில் துணுக்கின் வேலை என்ன என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். ஈயத்தில் எழுத்துக் கோத்த நாளில், கட்டுரை முடிந்தபின் பத்தியின் அடியில் நான்கு விரற்கடை வெறுமையாக நிற்கும். அச்சுக் கோப்பவர் ஆசிரியரிடம் வந்து, "இந்த இடத்துக்கு ஐந்து வரி வேண்டும்" என்பார். அந்த வெறுமையை அடைக்கப் பிறந்ததுதான் துணுக்கு. பெரிய கட்டுரை வீட்டுக்காரன். துணுக்கு திண்ணையில் ஒதுங்கிய வழிப்போக்கன். இன்று வழிப்போக்கன் வீட்டுக்காரனை வெளியேற்றிவிட்டுக் கூடத்தில் கால் நீட்டிப் படுத்திருக்கிறான். திண்ணையும் அவனுக்கே, அடுக்களையும் அவனுக்கே.

சுருக்கம் தமிழருக்குப் புதிதா, இரண்டடிக் குறளைத் தந்தவர்கள் அல்லவா நாம் என்று உடனே ஒரு மறுப்பு எழும். ரீல் போடும் நண்பர்கள் விரும்பிச் சொல்லும் மறுப்பு அது. குறள் துணுக்கன்று. ஏழு சீரில் முடிந்த முடிபாக நிற்கும் முழுப்பொருள் அது. பத்துப் பத்தாக அதிகாரம் கட்டி, 133 அதிகாரங்களாக அடுக்கப்பட்ட பெரும் கட்டடத்தின் செங்கல்லும் அது. தொல்காப்பியர் முதுமொழிக்கு இலக்கணம் வகுக்கும்போது நுட்பமும் சுருக்கமும் ஒளியும் வேண்டுமென்று கூறுவதோடு நின்றுவிடவில்லை. குறித்த பொருளை முடிப்பதற்குரிய "ஏது"வும் வேண்டும் என்கிறார். ஏது என்றால் காரணம். ஒற்றை வரிப் பழமொழிக்கே காரணம் கேட்டவர் அவர்! நன்னூலார் இன்னும் தெளிவாக்குகிறார். நூலுக்குரிய அழகு பத்தில் "சுருங்கச் சொல்லல்" ஒன்று. நூலுக்குரிய குற்றம் பத்தில் "குன்றக் கூறல்" ஒன்று. இரண்டும் குறைத்துச் சொல்வதுதான். ஆனால் ஒன்று அழகு, மற்றது குற்றம். தேவையானது முழுவதும் இருக்கச் சுருக்கினால் அழகு. தேவையானதையே வெட்டி எறிந்துவிட்டால் குற்றம். நொடிக்கணக்கில் ஓடும் படங்களைத் திறனாய்வு செய்ய இவற்றைவிடக் கூரிய கருவி வேறு தேவையா?

கருவியை நம் ஊரிலேயே ஒருமுறை பயன்படுத்திப் பார்ப்போம். 2024-ஆம் ஆண்டு அக்டோபர் 11-ஆம் நாள் மாலை, திருச்சியிலிருந்து சார்ஜாவுக்கு 141 பயணிகளோடு புறப்பட்ட ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம், ஹைட்ராலிக் அமைப்பில் பழுது தெரிந்ததால் திரும்பி வந்து, இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக வானிலேயே வட்டமிட்டுக்கொண்டிருந்தது. நிலையத்தில் தீயணைப்பு வண்டிகளும் நோயாளர் வண்டிகளும் அணிவகுத்து நின்றன. கைப்பேசிகளிலெல்லாம் நொடிக்கொரு துணுக்கு. வானத்தில் ஒரு புள்ளி, சுற்றுகிறது, மீண்டும் சுற்றுகிறது, அடியில் சிவப்பெழுத்து. பார்த்தவர்களின் வயிற்றில் புளி கரைந்தது. இத்துணுக்குகளில் பொய் ஒன்றுமில்லை. விமானம் உண்மையாகவே சுற்றிற்று. ஆனால் ஏன் சுற்றுகிறது என்ற ஒன்றே ஒன்று பலவற்றில் இல்லை. நெடும் பயணத்துக்கு எரிபொருள் நிரப்பிய விமானம் மிகுந்த எடையோடு உடனே தரையிறங்குவது ஆபத்து; எரிபொருளை எரித்து எடையைக் குறைத்தபின் இறங்குவதே பாதுகாப்பு. அதாவது, பார்ப்பவன் நெஞ்சு பதறிய அந்தச் சுற்றல்தான் பயணிகளைக் காத்த செயல்! இரவு எட்டு மணிக்குச் சற்றுப் பின் விமானம் பழுதின்றித் தரையிறங்கிற்று. காரணத்தைச் சொல்ல எத்தனை நொடி ஆகும்? பத்து நொடி போதும். 15 நொடிப் படத்தில்கூட ஐந்து நொடி மிஞ்சும். ஆகவே குற்றம் நேரக் குறைவன்று. காரணம் சொன்னால் பதற்றம் தணியும். பதற்றம் தணிந்தால் பார்ப்பவன் கைப்பேசியைக் கீழே வைத்துவிடுவான். வணிகத்துக்கு அது ஆகாது.

காவிரியைக் கடந்து திருவரங்கம் செல்வோம். கோபுரத்தைக் காட்டி, முரசு முழங்க, ஆயிரம் ஆண்டுப் பழமை பேசும் துணுக்குகளுக்குப் பஞ்சமில்லை. "எந்திரமில்லாத காலத்தில் எப்படிக் கட்டினார்கள்?" என்று வியப்புக் குறியோடு முடியும். கோயில் பழமையானது, அதில் ஐயமில்லை. ஆனால் அப்படத்தில் வானளாவ நிற்கும் தெற்கு இராசகோபுரம்? விசயநகர, நாயக்கர் காலத்தில் தொடங்கி அடிநிலையோடு நின்றுபோய், ஏறத்தாழ 400 ஆண்டுகள் "மொட்டைக் கோபுரம்" என்றே ஊரார் வாயில் வழங்கிய கட்டடம் அது. 1979-இல் மேல்நிலைகளின் வேலை தொடங்கி, 13 நிலைகளும் 236 அடி உயரமுமாக முடிந்து, 1987 மார்ச் 25-இல் குடமுழுக்கு நடந்தது. மொட்டையாக நின்றதைக் கண்ணால் கண்டவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். நம் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவனிடம் இதைச் சொன்னபோது, "அப்படியானால் எங்கள் அப்பாவைவிட இளையதா, ஐயா?" என்று கேட்டான். கண்ணைப் பறிக்கும் அந்த மேல்நிலைகளைப் பொறுத்தவரை அவன் சொன்னதே சரி. ஒரு கோபுரத்தை மொட்டையாக விட்டுச் சென்ற அரசியல் என்ன, நான்கு நூற்றாண்டுகள் கழித்து அதை முடிக்க நன்கொடை திரட்டிய முயற்சி என்ன என்பதெல்லாம் எத்தனை சுவையான வரலாறு! துணுக்கு அதை விழுங்கிவிட்டு வியப்பை மட்டும் கக்குகிறது.

கோயிலைச் சொன்னதும் மகிழும் தோழர்கள் கல்லணைக்கும் வரவேண்டும். கரிகாலன் பெருமை பேசும் துணுக்குகளில் பளிச்சென்று தெரியும் மதகுகளும் பாலமும் ஆங்கிலேயர் காலத்து வேலை. பண்டைய அணை அவற்றுக்கு அடியில் கிடக்கிறது. தமிழன் பெருமை என்றால் மட்டும் நம் கேள்வி வாய்மூடிக்கொள்ள வேண்டுமா?

அகரமுதலியைப் புரட்டுவோர்க்குத் துணுக்கு என்பதன் பக்கத்திலேயே "துணுக்கம்" என்ற சொல் கண்ணில் படும். அச்சம், நடுக்கம் என்பது பொருள். துணுக்குற்றாள் என்று இலக்கியத்தில் பலகாலும் வரும். துண்டுக்கும் திடுக்கிடலுக்கும் உறவுண்டா என்பதை மொழிநூலார் பார்த்துக்கொள்ளட்டும். நாட்டு நடப்பில் உறவுண்டு என்பதை 2023-ஆம் ஆண்டு மார்ச் மாதம் காட்டிவிட்டது. தமிழகத்தில் பீகார்த் தொழிலாளர்கள் தாக்கப்படுகிறார்கள், கொல்லப்படுகிறார்கள் என்று கூறும் சிறு படங்கள் வடக்கே பரவின. அவற்றுள் பிற மாநிலங்களில் நடந்தவையும், இதற்குத் தொடர்பே இல்லாத சண்டைகளும் இருந்தன. எங்கோ எப்போதோ எடுத்த துண்டுகளை ஊரையும் நாளையும் வெட்டிவிட்டுத் தமிழகத்தின் தலையில் கட்டினார்கள். இங்கே உழைத்துக்கொண்டிருந்த எளிய மனிதர்கள் ஊரிலிருந்து வந்த அழைப்பைக் கேட்டு மூட்டையைக் கட்டினார்கள். காவல்துறை மறுத்தது, பீகார் அரசு அதிகாரிகள் குழுவொன்றை அனுப்பி நேரில் கேட்டறிந்தது, பொய் பரப்பியோர்மேல் வழக்குகள் பதிவாயின. அரை நிமிடத் துண்டு ஒன்றை மறுக்க இரண்டு மாநிலங்களின் அரசுகள் நாட்கணக்கில் உழைக்க வேண்டியிருந்தது!

இதற்கெல்லாம் சிறுமையே காரணம் என்று முடிவுகட்டுவது பிழை. தென்கச்சி கோ. சுவாமிநாதன் சென்னை வானொலியில் "இன்று ஒரு தகவல்" என்று நாள்தோறும் காலையில் சில நிமிடங்கள் பேசினார். எளிய கதை, ஒரு செய்தி, இறுதியில் ஒரு சிரிப்பு. அவர் கருத்துகள் சிலவற்றோடு நமக்கு உடன்பாடில்லை. ஆயினும் அப்பேச்சு ஒவ்வொன்றும் தொடங்கிற்று, நடந்தது, முடிந்தது. கேட்டவர் பேருந்தில் அதை அடுத்தவர்க்குத் திருப்பிச் சொல்ல முடிந்தது. நேற்றிரவு பார்த்த 100 ரீல்களில் எத்தனையைக் காலையில் திருப்பிச் சொல்ல முடியும் என்று தோழர்கள் தம்மைத் தாமே கேட்டுப் பார்க்கட்டும். மேடை கிடைக்காத கலைஞரும், பள்ளி கிடைக்காத பெண்ணும், எவரையும் கெஞ்சாமல் தம் முகத்தை உலகுக்குக் காட்ட இக்கருவி வழி செய்திருக்கிறது என்பதையும் ஒப்புக்கொள்கிறோம். அதைக் குறை கூறுவோர் பக்கம் நாம் இல்லை.

நம் குறையெல்லாம் நம் வீட்டிலேயே நடப்பது பற்றியது. பெரியார் படத்தைப் போட்டு, பின்னணியில் இடிமுழக்கம் வைத்து, நாளும் இல்லாமல் ஊரும் இல்லாமல் ஒரு வரியை ஓடவிடுவதைப் பகுத்தறிவுப் பணி என்று எண்ணும் இளைஞர் பலர். அவ்வரியை அவர் சொன்னாரா? எந்தக் கூட்டத்தில், எவர்க்கு மறுமொழியாக? கேட்டால் "ரீலில் வந்தது" என்கிறார்கள். "சாத்திரத்தில் இருக்கிறது" என்று சொன்னவர்களை மடக்கிக் கேள்வி கேட்ட இயக்கத்தில் இப்படியொரு விடை! வே. ஆனைமுத்து தொகுத்த "பெரியார் ஈ.வெ.ரா. சிந்தனைகள்" மூன்று தொகுதிகளாக 1974-இல் இதே திருச்சியிலிருந்துதான் வெளிவந்தது. எந்த ஏடு, எந்த நாள் என்ற குறிப்போடு எழுத்தையும் பேச்சையும் திரட்டித் தந்தவர் அவர். தொகுதிகள் படிப்பகங்களில் தூசி படிந்து கிடக்க, மேற்கோள் மட்டும் தாயில்லாப் பிள்ளையாகத் தெருத் தெருவாய்த் திரிகிறது. அவர் முழுப்பேச்சில் ஒரு வாதம் இருக்கும், எதிர்வாதத்துக்கு இடமிருக்கும், "நான் சொல்வதாலேயே ஏற்காதே" என்னும் போக்கு இருக்கும். இவற்றை வெட்டிவிட்டு எஞ்சிய துண்டை வழிபடுவோமானால், அதற்கும் கழுத்தில் கட்டிய தாயத்துக்கும் வேறுபாடு எங்கே?

ஆகவே துணுக்கு என்றே சொல்லுவோம். "ஒரு ரீல் பார்த்தேன்" என்று மாணவன் சொன்னால், "எதன் துணுக்கு?" என்று கேட்போம். நம் வகுப்பில் சில திங்களாக இவ்வாறு கேட்டுவருகிறோம். தொடக்கத்தில் சிரித்தார்கள். இப்போது சிலர் கேள்வி வருமுன்னரே தேடிக் கண்டுபிடித்துக்கொண்டு வருகிறார்கள். இன்னும் சிலர் நம்மிடம் காட்டுவதையே நிறுத்திவிட்டார்கள்.

இறுதியாக, இவ்வேட்டின் ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். சென்ற கிழமை இதழில், நெசவாளர் நிலை பற்றிய கட்டுரையின் அடியில் எஞ்சிய இடத்தில், தேனீக்கள் குறித்து நான்கு வரித் துணுக்கு ஒன்று வந்திருக்கிறது. நல்ல செய்தி, மாணவர்களுக்குப் படித்துக் காட்டினோம். எந்த நூலிலிருந்து எடுத்தது என்று அவர்கள் கேட்கிறார்கள். அடுத்த இதழில் நூலின் பெயரையும் பக்கத்தையும் தெரிவிக்க வேண்டுகிறோம்.